45ஆம் எண் கவுண்டி

நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓடுகிற கார்களின் எண் பலகையைப் பார்த்தாலே வண்டி எந்த வட்டாரத்தது என்று சொல்லிவிடலாம். 1922இல் எந்தக் கவுண்டியில் எத்தனை மோட்டார் வண்டிகள் பதிவாகியிருந்தன என்று பார்த்து, அந்த வரிசையில் 93 கவுண்டிகளுக்கும் எண் போட்டார்கள். ஒமாஹா நகரம் இருக்கும் டக்ளஸ் கவுண்டிக்கு 1. தெற்கே கான்சாஸ் எல்லையைத் தொட்டபடி கிடக்கும் வெப்ஸ்டர் கவுண்டிக்கு 45. ஒமாஹா, லிங்கன் போன்ற பெருநகரக் கவுண்டிகள் 2002இல் இந்த முறையைக் கைவிட்டன. சிறிய கவுண்டிகள் இன்றும் விடவில்லை. ஒரு விவசாயி மாநிலத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அவருடைய வண்டியின் முன்னும் பின்னும் அந்த 45 போகும். அந்தப் பலகையை வாங்க அவர் போயாக வேண்டிய இடம் கவுண்டியின் தலைமையூர். அதன் பெயர் ரெட் கிளவுட்.

2020 கணக்கெடுப்பின்படி அங்கே ஆயிரம் பேர்கூட இல்லை. முழுக் கவுண்டிக்கும் சேர்த்து சுமார் 3,400 பேர். இவ்வளவு சிறிய ஊருக்கு ஒரு அறக்கட்டளைச் சொற்பொழிவு முழுவதையும் கொடுக்கலாமா என்று அவையோர் கேட்கலாம். கொடுக்கலாம். அமெரிக்காவின் நடுவெளியில் இதே வயதுடைய நூற்றுக்கணக்கான ஊர்கள் பெயர்ப் பலகையும் தானியக் கிடங்கும் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. ரெட் கிளவுட்டை அப்படி ஆகாமல் தடுத்தவை இரண்டு: ஒன்று, 1871இல் ஒரு குடைவீட்டில் நடந்த வாக்கெடுப்பு. இன்னொன்று, அந்த ஊரில் வளர்ந்த ஒரு பெண் எழுதிய நாவல்கள். இரண்டும் தாமாக நடந்தவை அல்ல. சில மனிதர்கள் பிடிவாதமாக நின்று நடத்தியவை.

கவுண்டித் தலைமையூர் என்றதும் நம்மவர் தாலுகா தலைமையிடத்தை நினைத்துக்கொள்வார். கச்சேரி, பதிவு அலுவலகம், கருவூலம், நீதிமன்றம், சிறை எல்லாம் ஓரிடத்தில் இருப்பது ஒற்றுமைதான். வேறுபாடும் பெரியது. அங்கே எழுத்தர், பொருளாளர், நில மதிப்பீட்டாளர், ஷெரிப், அரசு வழக்கறிஞர் எல்லாருமே தேர்தலில் நின்று வென்றவர்கள். மேலிடத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்றாண்டில் பெட்டி கட்டுகிற அதிகாரி கிடையாது. வரி வாங்குகிறவரும் வரி கட்டுகிறவரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாக இருப்பது சாதாரணம்.

அந்த நிலம் மேலிருந்து பார்க்கையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டுப் போலிருக்கும். மக்கள் குடியேறும் முன்பே மத்திய அரசின் சர்வேயர்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்துவிட்டார்கள். ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், ஒரு பகுதி. அப்படிப்பட்ட 36 பகுதிகள் ஒரு டவுன்ஷிப். பதினாறு டவுன்ஷிப்கள் சேர்ந்தது வெப்ஸ்டர் கவுண்டி: கிழக்கு மேற்கில் 24 மைல், வடக்கு தெற்கில் 24 மைல். ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம் பகுதியும் 36ஆம் பகுதியும் பள்ளிக்கூடங்களுக்கு. பெரும்பாலான பகுதிக் கோடுகளின் மேல் சாலை. இன்றைக்கும் வெப்ஸ்டர் கவுண்டியில் வழி சொல்கிறவர் 'வடக்கே மூன்று மைல், பிறகு மேற்கே ஒன்று' என்றுதான் சொல்வார். வளைவுகளை ஆறு போட்டால்தான் உண்டு, மனிதர்கள் போடவில்லை.

1862இன் குடியேற்றச் சட்டம் இந்தக் கட்டத்தில் கால் பகுதியை, 160 ஏக்கரை, குடும்பத் தலைவர் யாருக்கும் கொடுத்தது. கட்டணம் மொத்தம் 18 டாலர். ஐந்து ஆண்டு அங்கேயே வாழ வேண்டும், வீடு கட்ட வேண்டும், உழ வேண்டும். குடிமகனாகப் போவதாக எழுதிக்கொடுத்தால் வெளிநாட்டாருக்கும் உண்டு. மணமாகாத பெண்ணுக்கும் உண்டு. ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவர்களுக்கு இந்தச் செய்தி எப்படி ஒலித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அது யாருடைய நிலம்? அதைத் தாண்டிக்கொண்டு ஊரின் கதையைத் தொடங்குவது நேர்மையாகாது.

இந்த வட்டாரத்தில் ஓடும் ரிபப்ளிகன் ஆற்றின் கரையில் பானீ மக்கள் மண் வீடுகள் கட்டி, சோளம் விதைத்து, ஆண்டுக்கு இருமுறை காட்டெருமை வேட்டைக்குப் போய் வாழ்ந்தார்கள். இன்றைய கைட் ராக் ஊருக்கு அருகிலுள்ள குன்று அவர்களுடைய புனிதத் தலங்களுள் ஒன்று. 1806இல் அமெரிக்க ராணுவ அதிகாரி செபுலன் பைக் ஒரு பானீ ஊருக்கு வந்து, அங்கே பறந்த ஸ்பானியக் கொடியை இறக்கி அமெரிக்கக் கொடியை ஏற்றச் சொன்னார். அந்த ஊர் தங்கள் எல்லைக்குள் இருந்தது என்று கான்சாஸ்காரர்கள் 1901இல் நினைவுத் தூணே எழுப்பிவிட்டார்கள். ஹேஸ்டிங்ஸ் நகரில் கார் விற்றுக்கொண்டிருந்த ஏ. டி. ஹில் என்பவர் அதை நம்பவில்லை. பைக்கின் நாட்குறிப்பையும் ஆற்றின் போக்கையும் ஒப்பிட்டு, வெப்ஸ்டர் கவுண்டியில் ஒரு நிலத்தைக் கண்டுபிடித்து, அதை விலைக்கு வாங்கி, 1920களில் தோண்டினார். பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று அவர் பக்கம். பட்டம் பெற்ற தொல்லியலாளர்கள் செய்யாததைத் தன் மண்ணின் மேல் ஆசை கொண்ட ஒரு வியாபாரி செய்தார். உள்ளூர் வரலாற்றில் இது அடிக்கடி நடக்கிறது. இந்த ஊர்க் கதையில் இன்னொரு முறையும் வரும்.

பானீக்களை நோயும், பஞ்சமும், வடக்கிலிருந்து வந்த லகோட்டாக்களின் தாக்குதலும், குடியேறிகளின் நெருக்கடியும் சேர்ந்து அழுத்தின. 1873 ஆகஸ்டில் இதே ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேற்கே வேட்டைக்குப் போயிருந்த பானீக்கள் மீது லகோட்டாக்கள் பாய்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏராளமானோர் மடிந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பானீ மக்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டார்கள். ரெட் கிளவுட் என்பது லகோட்டாத் தலைவர் ஒருவருடைய பெயர். அவர் 1870இல் வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி கிராண்டைச் சந்தித்த செய்தி நாளிதழ்களில் நிறைந்திருந்தது. அதே ஆண்டில்தான் இந்த ஊருக்கு வித்து விழுந்தது. தாங்கள் வாழ்ந்து வந்த கரையில் எழுந்த ஊர் எதிரித் தலைவரின் பெயரைத் தாங்கி நிற்பதைப் பானீக்கள் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். வரலாறு அவர்களிடம் காட்டிய இரக்கமின்மையில் இதுவும் ஒன்று.

ஊரை ஊன்றியவர் சைலஸ் கார்பர். ஒஹாயோவில் 1833இல் பிறந்தவர், உள்நாட்டுப் போரில் அயோவா படைப்பிரிவில் கேப்டன், மனைவியை இழந்தவர். 1870இல் சகோதரர்களும் நண்பர்களும் சேர்ந்த சிறு கூட்டத்தோடு ஆற்றங்கரைக்கு வந்து, முதலில் பாதுகாப்புக்கு ஒரு மர வேலி அடித்தார்கள். வீடு கட்ட மரம் அதிகம் இல்லாத புல்வெளி அது. மண் சரிவைக் குடைந்து, முன்பக்கம் மட்டும் மரமோ புல்மண் கட்டியோ வைத்து அடைத்த குடைவீடுகளில்தான் குடியிருந்தார்கள். 1871இல் கார்பரின் குடைவீட்டில் கவுண்டியை அமைக்கும் வாக்கெடுப்பு நடந்தது. ரெட் கிளவுட் தலைமையூர் ஆயிற்று. கார்பர் நீதிபதி ஆனார். அப்போது ஊர் என்று சொல்லத் தெருகூடக் கிடையாது. மறு ஆண்டில்தான் மனை பிரித்தார்கள்.

தலைமையூர் என்ற தகுதி எவ்வளவு பெரிய சொத்து என்பதை அந்தக் காலத்தவர் நன்றாக அறிந்திருந்தார்கள். பத்திரம் பதிய வருகிறவர் ஆணி வாங்குவார், வழக்குக்கு வருகிறவர் விடுதியில் தங்குவார், வக்கீலும் பத்திரிகைக்காரரும் வங்கிக்காரரும் அதே தெருவில் கடை விரிப்பார்கள். தகுதி கிடைக்காத ஊர் காய்ந்துவிடும். இதற்காகக் கான்சாஸில் ரத்தமே சிந்தியது. ஸ்டீவன்ஸ் கவுண்டியில் ஹ்யூகோடன், உட்ஸ்டேல் என்ற இரண்டு ஊர்களுக்குள் மூண்ட சண்டையில் 1888 ஜூலையில் ஷெரிப் உட்பட நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். உட்ஸ்டேல் இன்று வரைபடத்தில் இல்லை. வெப்ஸ்டர் கவுண்டியில் துப்பாக்கி பேசவில்லை. ஆனாலும் இடத்தைப் பிடித்தவர்களுக்கு ஏன் இடத்தை விட மனம் வராது என்பதற்கு உட்ஸ்டேல் போதிய சாட்சி.

1874இல் வெட்டுக்கிளிகள் வந்தன. வானம் மறைந்து, பயிர் போய், குதிரைச் சேணத்தின் தோலையும் அரித்தன என்று நெப்ராஸ்கா முழுக்கச் சொல்வார்கள். பலர் வண்டியைக் கிழக்கே திருப்பினார்கள். அடுத்த ஜனவரியில் மாநில ஆளுநராகப் பதவியேற்றவர் நம் குடைவீட்டுக்காரர் கார்பர். 1879 வரை இரு முறை ஆளுநராக இருந்தார். நெப்ராஸ்காவின் 1875ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அவர் காலத்தது. கலிபோர்னியாவிலிருந்து லைரா வீலர் என்ற இளம்பெண்ணை மணந்து வந்தார். ஊருக்குக் கிழக்கே குன்றின் மேல் அவர்களுடைய வீடும், அதைச் சுற்றியிருந்த பாப்ளர் மர வரிசைகளும், அங்கே நடந்த விருந்துகளும் ஊரின் பெருமை.

1870களின் இறுதியில் பர்லிங்டன் ரயில் பாதை வந்து சேர்ந்தது. நிலையம் ஊருக்குத் தெற்கே ஒரு மைல். கான்சாஸ் சிட்டிக்கும் டென்வருக்கும் இடையே போகும் வண்டிகள் நின்று போயின. நாளொன்றுக்கு எட்டுப் பயணிகள் ரயில். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை என்பதை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படிக்க வேண்டும். ரயில் கம்பெனிகள் ஐரோப்பாவில் பல மொழிகளில் துண்டறிக்கை அச்சிட்டு ஆள் பிடித்தன. செக் மக்கள், ஸ்வீடன்காரர், நார்வேக்காரர், டென்மார்க்காரர், ஜெர்மானியர், கனடாப் பிரெஞ்சுக்காரர் என ஆளுக்கொரு மூலையில் குடியேறினார்கள். சனிக்கிழமையன்று ரெட் கிளவுட்டின் கடைத்தெருவில் அத்தனை மொழிகளும் கேட்டன. 1890இல் ஊரில் 1,800 பேருக்கு மேல். கவுண்டியில் பதினோராயிரத்துக்கும் மேல்.

வர்ஜீனியாவிலிருந்து 1883இல் வந்த கேதர் குடும்பம் முதலில் ஊருக்கு வடமேற்கே திறந்த வெளியில் இருந்தது. மூத்த மகள் வில்லாவுக்கு ஒன்பது வயது. பின்னாளில் அந்த நாவல்களை எழுதியவர் இவர்தான். மலையும் காடும் வேலியும் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு, ஒன்றுமே இல்லாத அந்த வெளி முதலில் பயத்தைத் தந்தது. அண்டை வீட்டு ஸ்வீடிஷ் பாட்டிகளும் செக் பாட்டிகளும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிய பேச்சுதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. அடுத்த ஆண்டே தந்தை சார்லஸ் விவசாயத்தை விட்டு ஊருக்குள் வந்து, நிலக் கடனும் காப்பீடும் பார்க்கும் அலுவலகம் வைத்தார்.

அவர்கள் வாடகைக்குப் பிடித்த வீடு மூன்றாம் தெருவும் சீடார் தெருவும் சேரும் முனையில் இருக்கிறது. அத்தனை பெரிய குடும்பம் எப்படி அதற்குள் அடங்கியது என்று வியக்க வைக்கும் அளவுக்குச் சிறியது. பெற்றோர், ஏழு பிள்ளைகள் வரை, பாட்டி, வேலைக்கு உதவிய பெண். பிள்ளைகள் மேலே பரணில் வரிசையாகப் படுத்தார்கள். பருவம் வந்த வில்லாவுக்கு அதில் ஒரு மூலையைத் தடுத்து அறையாக்கிக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் வேலை செய்த கூலிக்குப் பணமாக இல்லாமல் ரோஜாப்பூப் போட்ட சுவர்த்தாளை வாங்கிவந்து அவளே ஒட்டினாள். அந்தத் தாள் இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது.

1885இல் ஊருக்கு ஆப்பரா ஹவுஸ் வந்தது. பெயர்தான் பெரிது, இரும்புச் சாமான் கடையின் மாடி. சுற்றி வரும் நாடகக் குழுக்கள் ரயிலில் இறங்கி, இரண்டு மூன்று இரவு ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். உள்ளூர்ப் பிள்ளைகளும் அதில் நடித்தார்கள். 1890 ஜூனில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் மூன்றே பேர். பட்டமளிப்பு அதே மேடையில் நடந்தது. மூவரில் ஒருத்தியான பதினாறு வயது வில்லா, மூடநம்பிக்கையையும் ஆராய்ச்சியையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினாள். உயிரினங்களை அறுத்துப் பார்ப்பதை ஊரார் முகம் சுளித்துப் பேசிய காலத்தில், அந்த ஊராரின் முகத்துக்கு நேரே ஆராய்ச்சியின் பக்கம் நின்றாள். 1873 முதல் வெளிவரும் உள்ளூர் வார இதழ் 'ரெட் கிளவுட் சீஃப்' அந்தப் பேச்சை முழுதாக அச்சிட்டது. ஒரு சிற்றூர் இதழ் தன் பிள்ளைகளின் பேச்சுக்கு இடம் ஒதுக்கியதால்தான் அது நமக்குக் கிடைத்திருக்கிறது.

அன்றைய ரெட் கிளவுட்டில் வில்லா மிகவும் கவனித்தது, ஊர் வீடுகளில் வேலைக்கு நின்ற குடியேறிப் பெண்களை. நிலத்தில் போட்ட கடனை அடைக்கத் தந்தைக்கும் தம்பிகளுக்கும் சம்பளத்தை அனுப்பியவர்கள் அவர்கள். வயலில் ஆணுக்கு நிகராக உழுத தோள்கள். ஊர்ப் பையன்கள் அவர்களோடு ஆடுவார்கள். மணப்பது மட்டும் வங்கிக்காரர் மகளையும் கடைக்காரர் மகளையும். இந்த அநீதியை அவ்வளவு சின்ன வயதில் கண்டுகொண்டதும், முப்பதாண்டு கழித்தும் மறக்காததும் கேதருடைய பெருமை என்று தயங்காமல் சொல்லலாம்.

அவர்களில் ஒருவர் அன்னா சாடிலெக். பொஹீமியாவில் 1869இல் பிறந்து, 1880இல் பெற்றோருடன் வெப்ஸ்டர் கவுண்டிக்கு வந்தவர். தந்தை நல்ல வயலின் கலைஞர், நகைச்சுவையும் மென்மையும் உள்ளவர். உழவுக்குப் பிறந்தவர் அல்ல. குடைவீட்டில் கழிந்த முதல் குளிர்காலத்தின் முடிவு வருமுன்னே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து வில்லா அந்த வட்டாரத்துக்கு வந்தபோது காதில் விழுந்த முதல் கதைகளில் அது ஒன்று. அன்னா வயலில் உழைத்தார், ஊரில் கடைக்காரர் மைனர் வீட்டில் வேலை செய்தார், ரயில்வேக்காரன் ஒருவனை நம்பி ஊரை விட்டுப் போய் ஏமாந்து குழந்தையோடு திரும்பினார். பிறகு ஜான் பவெல்கா என்ற செக் விவசாயியை மணந்து, ப்ளேடன் அருகே ஒரு பண்ணையில் பெரிய குடும்பத்தை வளர்த்தார். 1918இல் வெளிவந்த கேதரின் 'மை ஆன்டொனியா' அவரை வைத்து எழுந்தது. நாவலின் கடைசியில், நிலவறையின் படிகளில் பிள்ளைகள் குபீரென்று வெளியே ஓடிவருகிற காட்சி அந்தப் பண்ணை வீட்டில் உண்மையில் இருக்கும் நிலவறையைப் பார்த்து எழுதியது. அன்னா 1955 வரை வாழ்ந்தார். ஏமாந்து திரும்பியவள் என்று ஊர் முணுமுணுத்த பெண்ணை, அந்த நாட்டின் ஆற்றலுக்கே ஊற்றாக ஒரு நாவல் நிறுத்தியது. அவருடைய பிள்ளைகள் தங்களை ஆன்டொனியாவின் மக்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கேதரின் ஆறு நாவல்களில் ரெட் கிளவுட் ஆறு பெயர்களில் வருகிறது. ஹானோவர், மூன்ஸ்டோன், பிளாக் ஹாக், ஃபிராங்ஃபர்ட், ஸ்வீட் வாட்டர், ஹேவர்ஃபோர்ட். பெயர் மாறினாலும் ஊரைச் சுற்றி நடந்தவருக்குத் தெரு மாறாது. 1918 மே மாதம் பிரான்சில் கான்டினி போரில் இறந்த கேதருடைய தந்தையின் சகோதரர் மகன் க்ரோவ்னர் கேதர், 'ஒன் ஆஃப் அவர்ஸ்' நாவலின் கதாநாயகன் ஆனார். அந்த நாவலுக்கு 1923இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் வந்த 'எ லாஸ்ட் லேடி'யில் ஆளுநர் கார்பரும் லைராவும் கேப்டன் ஃபாரெஸ்டர் தம்பதியாக வருகிறார்கள். கார்பர் 1889இல் கட்டிய ஃபார்மர்ஸ் அண்ட் மெர்ச்சன்ட்ஸ் வங்கி 1893இன் நிதிச் சரிவில் விழுந்தது. அவருடைய செல்வமும் அதோடு போனது. 1905இல் அவர் இறந்தார், லைரா மேற்கே போய் மறுமணம் செய்துகொண்டார். 1921இல் லைரா இறந்த செய்தி வந்த பிறகுதான் கேதர் அந்த நாவலை எழுதத் தொடங்கினார். உயிரோடிருக்கும்போது எழுதக் கூடாது என்று அவர் பொறுத்திருந்தார் என்று நினைக்கத் தோன்றுகிறது. சிவந்த அந்த வங்கிக் கட்டடம் தலைமைத் தெருவில் இன்னும் கம்பீரமாக நிற்கிறது.

ஊர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது? சிலர் மகிழ்ந்தார்கள், சிலருக்குக் கசந்தது. தன் வீட்டு அடுப்படிப் பேச்சு நியூயார்க்கில் அச்சாகி வந்தால் யாருக்கும் அப்படித்தான். கேதர் 1931 கிறிஸ்துமஸுக்குக் கடைசியாக வந்துபோனார். பிறகு 1947இல் இறக்கும்வரை வரவில்லை. ஆனாலும் 1930களின் பஞ்ச காலத்தில் தெரிந்த விவசாயக் குடும்பங்களுக்குப் பணமும் துணியும் அனுப்பிக்கொண்டே இருந்தார். பவெல்கா குடும்பமும் அவற்றில் ஒன்று.

அந்தப் பஞ்சம் லேசானதல்ல. மழையே இல்லாத ஆண்டுகளுக்கு நடுவே, 1935 மே 31 இரவில் ரிபப்ளிகன் ஆறு பெருக்கெடுத்தது. அந்தப் பள்ளத்தாக்கில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான கால்நடைகள் போயின. வெள்ளம் வடிந்ததும் மறுபடி வறட்சி, புழுதிப் புயல். இந்த வெள்ளத்தின் விளைவாகத்தான் ஆற்றின் மேற்பகுதியில் ஹார்லன் கவுண்டி அணை 1952இல் கட்டி முடிக்கப்பட்டது. கைட் ராக் அருகே உள்ள தடுப்பணையிலிருந்து ஒரு கால்வாய் கான்சாஸ் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. இரு மாநிலங்களும் கொலராடோவும் 1943இல் நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. நெப்ராஸ்கா அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டது என்று கான்சாஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2015இல் வந்த தீர்ப்பில் நெப்ராஸ்கா 55 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. வெப்ஸ்டர் கவுண்டி விவசாயியின் கிணற்று மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடலாம் என்ற கேள்விக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

1910 வாக்கில் கவுண்டியில் பன்னிரண்டாயிரம் பேர் இருந்தார்கள். அங்கிருந்து இன்றைய 3,400 வரை இறங்கியதற்குப் பஞ்சம் மட்டும் காரணமல்ல. டிராக்டர் வந்தது, ஒரு குடும்பம் 160 ஏக்கரில் செய்ததை அதே குடும்பம் ஆயிரம், இரண்டாயிரம் ஏக்கரில் செய்ய முடிந்தது. 1950களுக்குப் பிறகு நெப்ராஸ்காவில் பரவிய சுழல் பாசனக் கருவி ஒரு கால் பகுதி நிலத்தைத் தானாகவே சுற்றி வந்து நனைத்தது. விளைச்சல் கூடக்கூட ஆட்கள் குறைந்தார்கள். நிலம் தோற்றதால் காலியான வட்டாரம் என்று நினைப்பது தவறு. அது ஜெயித்துக்கொண்டேதான் காலியாயிற்று.

இந்த இறக்கத்தில் தலைமையூர் என்ற தகுதி கைகொடுத்தது. 1914இல் கட்டிய கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றித்தான் அன்றாட வாழ்க்கை இன்றும் சுழல்கிறது. நிலவரியின் முதல் பாதியை மே 1க்குள் கட்ட வேண்டும், அடுத்ததைச் செப்டம்பர் 1க்குள். ஜூன் மாதம் முழுக்க நில மதிப்பீட்டை எதிர்த்து மனுக் கொடுக்கும் காலம். சோளம் விலை ஏறிய ஆண்டில் நில மதிப்பு எகிறும், விலை விழுந்த பிறகும் மதிப்பு இறங்க மாட்டேன் என்னும். அப்போது கவுண்டி வாரியத்தின் முன் வரிசை நீளும். மனுவைக் கேட்பவரும் விவசாயி, கொடுப்பவரும் விவசாயி. வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் சட்டப்படி நாளிதழிலோ வார இதழிலோ வெளியாக வேண்டும். எந்தப் பாலத்துக்கு எத்தனை டாலர், எந்தச் சாலைக்கு எவ்வளவு சரளை என்பதையெல்லாம் ஊரார் காப்பியோடு படிக்கிறார்கள். சாலைகளில் பெரும்பாலானவை சரளை. மழைக்குப் பின் அவற்றைச் சமன்படுத்தும் இயந்திரம் தன் வீட்டுப் பக்கம் எப்போது வரும் என்பது கவுண்டி அரசியலின் முக்கியக் கேள்வி.

பத்திரப் புத்தகங்களும் அங்கேதான். அன்னாவின் கணவர் வாங்கிய நிலம், சார்லஸ் கேதர் எழுதிய கடன் பத்திரங்கள், கார்பரின் சரிவு, 1930களில் ஏலம் போன பண்ணைகள், எல்லாம் பகுதி எண், டவுன்ஷிப் எண் போட்டுப் பதிவாகியிருக்கும். நாவல் சொல்லும் கதையை அவை சொல்லாது. நாவல் விட்டுவிட்ட ஏக்கர் கணக்கையும் வட்டியையும் சொல்லும்.

சிறிய மருத்துவமனை ஒன்று, பள்ளி ஒன்று, தானிய உயர்கிடங்கு, கால்நடைத் தீவனக் கடை. தீயணைப்பு வண்டிக்குத் தன்னார்வலர்கள். ஜூலையில் குளிர்காலக் கோதுமை அறுவடை, அக்டோபரில் சோளமும் சோயாவும். அந்த வாரங்களில் விளக்குப் போட்ட இயந்திரங்கள் நள்ளிரவு வரை ஓடும். கவுண்டிக் கண்காட்சி மட்டும் ப்ளேடனில். பெரிய கடை வேண்டுமானால் வடக்கே 40 மைல் ஹேஸ்டிங்ஸுக்குப் போக வேண்டும். அந்த 40 மைலைச் சுலபமாக்கிய கார்தான் ரெட் கிளவுட்டின் துணிக்கடைகளையும் மளிகைக் கடைகளையும் மெல்லக் கொன்றது.

இங்கேதான் இரண்டாவது பிடிவாதம் நுழைகிறது. மில்ட்ரெட் பென்னெட் 1932இல் பக்கத்து இனவேல் ஊருக்கு ஆசிரியையாக வந்தவர். கேதரின் நாவல் மாந்தர்கள் தன்னைச் சுற்றி நடமாடுவதைக் கண்டார். முதியவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டார், எழுதினார், பழம் பொருள்களைச் சேர்த்தார். கேதர் தன் கடிதங்களை யாரும் அச்சிடக் கூடாது என்று உயில் எழுதிவிட்டுப் போயிருந்தார். கடிதத் தொகுப்பு 2013இல்தான் வந்தது. அதற்கு முன் அறுபதாண்டுகள், ஊரின் நினைவே ஆய்வாளர்களுக்குப் பெரிய ஆவணம். அதைச் சாகுமுன் பிடித்து வைத்தவர் பென்னெட். 1951இல் அவருடைய நூல் வந்தது. 1955இல், அன்னா பவெல்கா இறந்த அதே ஆண்டில், ஊராரைச் சேர்த்துக்கொண்டு கேதர் நினைவு அமைப்பைத் தொடங்கினார். பழைய வங்கியையும், கேதர் வீட்டையும், ரயில் நிலையத்தையும் ஒவ்வொன்றாக மீட்டார்கள். பேராசிரியர்கள் வந்து சேர்வதற்கு முன்பே ஒரு பள்ளி ஆசிரியை செய்துவைத்த வேலை இது. ஹில் தோண்டியதையும் இவர் சேர்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆப்பரா ஹவுஸ் 2003இல் மறுபடி திறந்தது. 2017இல் முன்னாள் ஜனாதிபதியின் மனைவி லாரா புஷ் தேசிய வில்லா கேதர் மையத்தைத் திறந்துவைத்தார். ஊருக்குத் தெற்கே 612 ஏக்கர் புல்வெளியைக் கேதர் பெயரில் காத்துவருகிறார்கள். பரவிவரும் சீடார் மரங்களை வெட்டியும், திட்டமிட்டுத் தீ வைத்தும் பழைய புல்லை மீட்கிறார்கள். 2023 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நெப்ராஸ்காவின் சார்பில் கேதரின் சிலை நின்றது. வடித்தவர் லிட்டில்டன் ஆல்ஸ்டன். அந்தச் சிலைத் தொகுப்பில் இடம்பெற்ற முதல் கறுப்பினச் சிற்பி.

இலக்கியச் சுற்றுலா ஒரு ஊரைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல இந்த உரை துணியவில்லை. வாசகர்கள் வருகிறார்கள், விடுதியில் தங்குகிறார்கள், போகிறார்கள். மருத்துவமனைக்குச் செவிலியர் வேண்டும், பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், அவர்கள் வேலைக்கு வரும் நேரத்தில் குழந்தையை விட இடம் வேண்டும். அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் இளம் குடும்பங்கள் தங்காததற்கு இந்தக் கடைசிக் காரணமே போதும். ரெட் கிளவுட்காரர்கள் அதைப் புரிந்துகொண்டு நன்கொடை திரட்டிக் குழந்தைகள் காப்பகம் ஒன்றையும் எழுப்பினார்கள். கேதர் மையத்துக்கு இணையாக இதையும் ஊரின் வரலாற்றில் எழுத வேண்டும். 2020க்குப் பின் மக்கள்தொகை ஏறியதா இறங்கியதா என்பதை 2030 கணக்கெடுப்பு காட்டும். அதுவரை வெப்ஸ்டர் கவுண்டிக்கு எழுத்தரையும் பொருளாளரையும் ஷெரிப்பையும் அந்த 3,400 பேரிலிருந்துதான் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.